கெட்ட சேதி வந்து சேரும் இடம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லராகச் சேர்ந்த என் அக்கா மகன், போன மாதம் லைன் சூப்பர்வைசர் ஆகிவிட்டான். முப்பது பேர் கொண்ட லைன். அதில் பாதிப் பேர் அவனைவிட மூத்தவர்கள். இரண்டு பேர் அவனுக்கே பவர் டேபிளில் தைக்கக் கற்றுக்கொடுத்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலேயே கேட்டான்: "மாமா, நாலு பேர வச்சு வேலை வாங்கறது பொறக்கறப்பவே வரோணுங்களா, இல்ல கத்துக்க முடியுங்களா?"

மேடையில் என்றால் இதற்குப் பதில் சொல்வது சுலபம். துணிச்சல், தொலைநோக்கு, நேர்மை, அர்ப்பணிப்பு என்று அடுக்கிவிட்டு உட்கார்ந்துவிடலாம். திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு லைனில் நிற்கிறவனுக்கு அதில் ஒரு சொல்லும் உதவாது. கத்துக்கலாம் மாப்ளே, என்றேன். அதற்கு அத்தாட்சியாக நான் நம்புவது விமானிகள் உட்காரும் அறையைத்தான்.

காரணம் எளிது. ஒரு தலைவர் எங்கே சறுக்கினார் என்பதை மற்ற தொழில்களில் ஆளுக்கு ஒரு கதையாகச் சொல்வார்கள். கெட்டது நடந்து முடிந்ததும், "நான் அப்பவே சொன்னேன்" என்று பத்துப் பேர் கிளம்புவார்கள். விமானத்தில் அது செல்லாது. கேப்டனும் அவருக்குக் கீழே இருப்பவர்களும் கடைசியாகப் பேசிக்கொண்டது ஒலிப்பதிவுக் கருவியில் இருக்கும். யார் சொன்னார், எந்தக் குரலில் சொன்னார், கேப்டன் காதில் வாங்கினாரா என்று விநாடிக் கணக்கில் எடுத்துப் பார்க்கலாம்.

1977 மார்ச் 27. ஸ்பெயின் நாட்டின் கேனரித் தீவுகள். கிரான் கனாரியா விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், அங்கே இறங்க வேண்டிய விமானங்களைப் பக்கத்துத் தீவான டெனரீஃப்புக்குத் திருப்பிவிட்டார்கள். அது சின்ன நிலையம், ஒரே ஓடுபாதை. வந்து நின்ற விமானங்களால் பக்கவழி அடைபட்டுப் போனதால், கிளம்புகிறவர்கள் ஓடுபாதையிலேயே ஊர்ந்து போய்க் கடைசி முனையில் திரும்பி நிற்க வேண்டியிருந்தது. கே.எல்.எம். நிறுவனத்தின் 747 ரக விமானம் அப்படிப் போய்த் திரும்பி நின்றது. அதன் பின்னாலேயே பான் அமெரிக்கன் 747 ஒன்று அதே பாதையில் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. நடுவில் மூடுபனி இறங்கிவிட்டது. இவர்கள் கண்ணுக்கு அவர்கள் தெரியவில்லை, கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு இரண்டு பேருமே தெரியவில்லை. தரையில் நகர்வதைக் காட்டும் ரேடாரும் அங்கே கிடையாது.

கே.எல்.எம். கேப்டன் வான் சான்டென் சாதாரண ஆள் இல்லை. அந்த நிறுவனத்தின் 747 பயிற்சிக்கே தலைவர். நிறுவனத்தின் விளம்பரத்தில் சிரித்துக்கொண்டிருந்த முகமும் அவருடையதுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த துணை விமானி 747 ஓட்டத் தகுதி பெற்று இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவரைச் சோதித்துத் தேர்ச்சி கொடுத்தவரும் இதே கேப்டன். இந்த ஒரு விவரத்தை மனதில் வைத்துக்கொள், என்றேன். உனக்கு மார்க் போட்ட வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து வண்டி ஓட்டும்போது, "சார், சிக்னல் இன்னும் விழலை" என்று எத்தனை தடவை சொல்வாய்?

துணை விமானி ஒரு தடவை சொன்னார். கேப்டன் எஞ்சினை முடுக்கியதுமே, இன்னும் அனுமதி வரவில்லை என்றார். கேப்டனும் நிறுத்தி, தெரியும், கேள் என்றார். கோபுரத்திலிருந்து பதில் வந்தது. மேலே ஏறிய பிறகு எந்த வழியில் போவது என்பதற்கான அனுமதி மட்டும்தான் அது. கிளம்பலாம் என்ற அனுமதி அதில் இல்லை. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லி முடிப்பதற்குள் கேப்டன், போகிறோம் என்று கிளப்பிவிட்டார். துணை விமானி இரண்டாம் தடவை தடுக்கவில்லை. நாங்கள் கிளம்பும் நிலையில் இருக்கிறோம் என்று இரண்டு அர்த்தமும் வருகிற மாதிரி ரேடியோவில் ஏதோ சொன்னார். கோபுரம் காத்திருக்கச் சொன்ன அதே நொடியில், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பான் அமெரிக்கனும் பேச, இரண்டும் மோதி வெறும் கீச்சொலியாகத்தான் இவர்கள் அறைக்குள் விழுந்தது.

அந்த அறையில் மூன்றாவதாக ஒருவர் இருந்தார், விமானப் பொறியாளர். அடுத்து வந்த ரேடியோப் பேச்சைக் கேட்டு அவருக்குச் சந்தேகம் தட்டியது. அந்தப் பான் அமெரிக்கன் இன்னும் விலகவில்லையா என்று கேட்டார். கேப்டனுக்குச் சரியாகக் கேட்கவில்லை. பொறியாளர் மறுபடி கேட்டார். விலகிவிட்டது என்ற பொருளில் கேப்டன் அழுத்தமாக ஒரே சொல்லில் முடித்துக்கொண்டார். அதற்கு மேல் பொறியாளர் வாய் திறக்கவில்லை. பத்துப் பதினைந்து விநாடியில் இரண்டு 747களும் மோதின. 583 பேர் இறந்தார்கள். விமான விபத்துகளில் இன்றுவரை இதைவிட அதிகம் பேர் இறந்தது கிடையாது.

"அந்தாளு திமிரு புடிச்சவருங்களா?" என்றான்.

அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம், நிறையப் பேர் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதல் தடவை துணை விமானி சொன்னபோது அவர் கேட்டுக்கொண்டார், பார். அன்றைக்கு அவருக்கு நேரம் நெருக்கியது. பணிநேரம் மீறினால் அந்த விமானத்தை அவர்கள் ஓட்டக் கூடாது. பயணிகளை எல்லாம் தீவிலேயே தங்கவைக்க வேண்டியிருக்கும். அவசரத்தில் இருக்கிற, திறமையான, எல்லோரும் மதிக்கிற ஒரு மனுஷன். அந்த மதிப்புதான் ஆபத்தாகிப் போனது. பொறியாளர் சொன்னது அத்தனையும் கேள்வியாகவே வந்தது என்பதைக் கவனி. 'நிறுத்துங்க, அவன் பாதையில நிக்கிறான்' என்று வரவில்லை. மேலே இருப்பவர் பெரிய ஆளாக இருந்தால், கீழே இருப்பவன் தனக்குத் தெரிந்ததைக்கூடச் சந்தேகமாக மாற்றித்தான் சொல்வான்.

திமிர் பிடித்தவருக்குத்தான் இப்படி நடக்கும் என்று நினைக்காமல் இருக்க இன்னொரு கதையும் வேண்டும். அடுத்த வருஷமே, 1978 டிசம்பர் 28, அமெரிக்காவின் போர்ட்லண்ட். யுனைடெட் நிறுவனத்தின் டி.சி.-8, 189 பேர். இறங்குவதற்காகச் சக்கரத்தை இறக்கும்போது ஏதோ இடித்தது; சக்கரம் சரியாகப் பூட்டிக்கொண்டதா என்று உறுதியாகத் தெரியவில்லை. கேப்டன் பொறுமைசாலி. ஒருவேளை சக்கரம் மடங்கினால் பயணிகளுக்கு அடிபடக் கூடாது, பணிப்பெண்கள் எல்லோரையும் தயார் செய்ய நேரம் வேண்டும் என்று ஏறக்குறைய ஒரு மணி நேரம் நகரத்தைச் சுற்றியபடியே இருந்தார். யாரையும் அதட்டவில்லை. அத்தனையும் நல்ல எண்ணம். ஆனால் எரிபொருள் இறங்கிக்கொண்டே போனது. இன்னும் பதினைந்து நிமிஷம் என்று கேப்டன் கணக்குப் போட்டபோது, அவ்வளவு நேரம் தாங்காது என்று பொறியாளர் சொன்னார், அடித்துச் சொல்லவில்லை. கேப்டனின் கவனம் முழுக்கச் சக்கரத்தில் இருந்தது. எஞ்சின்கள் ஒவ்வொன்றாக நின்றன. விமானம் ஊரின் ஓரத்தில் மரங்களுக்கு நடுவே விழுந்தது. பத்துப் பேர் இறந்தார்கள், அந்தப் பொறியாளரும் அதில் ஒருவர்.

இரண்டு விமானத்திலும் தேவையான தகவல் அறைக்குள்ளேயே, கேப்டனுக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது. அது அவரிடம் போய்ச் சேரவில்லை. கெட்ட சேதி எத்தனை சீக்கிரம், எத்தனை முழுசாக ஒருவரிடம் வந்து சேர்கிறது என்பதை வைத்துத்தான் நான் தலைவர்களை எடைபோடுகிறேன். மற்ற குணங்களெல்லாம் இருந்தால் நல்லது. இது இல்லாவிட்டால் அவை இருந்தும் பிரயோசனமில்லை.

வள்ளுவரும் இடித்துச் சொல்பவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னவர்தான். நம் ஊரில் அந்த அதிகாரத்தைப் பட்டிமன்றத்தில் பேசாதவர்கள் இல்லை. இடித்துச் சொன்னவருக்கு அடுத்த மாதம் எந்த ஊருக்கு மாறுதல் வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

போர்ட்லண்டுக்குப் பிறகு அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் செய்த பரிந்துரை எனக்கு மிகவும் பிடித்தது. கேப்டன்களுக்குப் பிறர் சொல்வதைக் கேட்டு நடத்தப் பயிற்சி கொடுங்கள், கீழே இருப்பவர்களுக்கு அழுத்தமாகப் பேசப் பயிற்சி கொடுங்கள் என்று இரு பக்கத்துக்கும் சேர்த்துச் சொன்னார்கள். 1979-ல் நாசா இதற்கென்றே ஒரு பட்டறை கூட்டியது. 1981-ல் யுனைடெட் தன் விமானிகளுக்கு முறையான பயிற்சியைத் தொடங்கியது. இது பிறவிக் குணம் என்று அவர்கள் நினைத்திருந்தால் வேறு ஆட்களைத் தேடியிருப்பார்கள். இருந்த ஆட்களையே உட்காரவைத்து, இன்ன நேரத்தில் இன்னது சொல், இப்படிக் கேள் என்று பழக்கினார்கள். ஆரம்பத்தில் பழைய கேப்டன்கள் பலர் இதைக் கேலி செய்தார்கள், 'நல்லொழுக்க வகுப்பு' என்கிற தொனியில்.

அந்தப் பயிற்சி என்ன செய்தது என்று பார்க்க 1989 ஜூலை 19-க்கு வர வேண்டும். டென்வரிலிருந்து சிகாகோ போன யுனைடெட் 232, டி.சி.-10 விமானம். 37,000 அடி உயரத்தில் வால் பக்க எஞ்சினின் சுழல்தட்டு உடைந்து சிதறியது. அந்தத் துண்டுகள் மூன்று ஹைட்ராலிக் குழாய்த் தொகுதிகளையும் அறுத்துவிட்டன. அவை போனால் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் இறக்கையில் எதுவும் அசையாது. மூன்றும் ஒன்றாகப் போகும் என்று யாரும் நினைக்காததால், அதற்கு எந்தக் கையேட்டிலும் வழி எழுதப்படவில்லை.

கேப்டன் ஆல் ஹேன்ஸ் ஏறக்குறைய 30,000 மணி நேரம் பறந்தவர். அன்று பயணிகளோடு பயணியாக டென்னிஸ் ஃபிட்ச் என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். அதே ரக விமானத்துக்குப் பயிற்சி கொடுக்கும் கேப்டன். நான் உதவலாமா என்று பணிப்பெண் மூலம் சொல்லி அனுப்பினார். இந்த இடத்தில் கொஞ்சம் நில். உன் லைனில் பெரிய சிக்கல், எம்.டி. எந்த நிமிஷமும் வரலாம். பக்கத்து யூனிட் சூப்பர்வைசர் வந்து, நான் ஒரு கை பார்க்கட்டுமா என்கிறான். உனக்கு முதலில் என்ன தோன்றும்?

"நம்மால முடியலன்னு நெனச்சிருவாங்களோன்னு தோணுமுங்க."

ஹேன்ஸ் உடனே உள்ளே கூப்பிட்டார். முதலில், பின்னால் போய் இறக்கை எப்படி இருக்கிறது என்று பார்த்து வரச் சொன்னார். பிறகு இரண்டு இறக்கை எஞ்சின்களின் விசைப்பிடியையும் அவர் கையில் கொடுத்துவிட்டார். இடது பக்கம் கொஞ்சம் கூட்டினால் விமானம் வலப்பக்கம் திரும்பும். வலது பக்கம் கூட்டினால் இடப்பக்கம். இரண்டையும் கூட்டினால் மூக்கு மேலே போகும். அதை வைத்தே 44 நிமிஷம் ஓட்டினார்கள். ஹேன்ஸ், துணை விமானி, பொறியாளர், ஃபிட்ச் என நான்கு பேரும் விடாமல் பேசிக்கொண்டே இருந்தார்கள். இது வேலை செய்கிறதா, அடுத்து எதைப் பார்க்கலாம் என்று ஹேன்ஸ் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டே இருந்தார். சூ சிட்டி விமான நிலையத்தில் எந்த ஓடுபாதையிலும் இறங்கலாம் என்று கோபுரம் சொன்னபோது, ஓடுபாதையில்தான் இறங்க வேண்டும் என்று வேறு கட்டாயமா என்கிற மாதிரி கேட்டு ஒரு சிரிப்பு சிரித்தார். அந்தச் சிரிப்பு வீண் வேடிக்கை இல்லை. கேப்டன் சிரிக்கிற அறையில் அடுத்தவனுக்கு வாய் திறக்கப் பயம் குறையும்.

விமானம் வேகமாக வந்து தரையில் மோதி உடைந்தது. 296 பேரில் 112 பேர் இறந்தார்கள், 184 பேர் பிழைத்தார்கள். பிறகு அதே நிலைமையைப் பயிற்சிக் கருவியில் அமைத்துப் பல விமானிகளை முயலவிட்டார்கள். பத்திரமாக இறக்க முடியவில்லை. ஹேன்ஸ் பின்னர் ஊர் ஊராகப் போய்ப் பேசியபோது அந்தப் பயிற்சியை முக்கியக் காரணமாகச் சொன்னார். பழைய காலமாக இருந்திருந்தால் கேப்டன் சொன்னதே வேதம் என்று எல்லோரும் சும்மா இருந்திருப்போம், அறையில் இருந்த நான்கு பேரின் அனுபவமும் சேர்ந்ததால்தான் அவ்வளவு தூரம் வர முடிந்தது என்பது அவர் பேச்சின் சாரம்.

"சரிங் மாமா, எனக்கு ஏரோப்ளேன் இல்லீங்களே. நான் திங்கக்கெழம என்ன பண்றது?"

நியாயமான கேள்வி. சாயங்காலம் நாலு மணி, ராத்திரி ஷிப்மென்ட். செக்கிங்கில் இருக்கிற அக்கா ஒருத்தர் பீஸைத் தூக்கிக்கொண்டு வருகிறார்: தம்பி, இந்தக் கட்டுல கை ஒரு ஷேடு, உடம்பு ஒரு ஷேடா இருக்குது. அந்த நொடியில் உன் முகம் எப்படிப் போகிறது என்பதை முப்பது பேரும் பார்ப்பார்கள். "இப்ப வந்து சொல்றீங்களே!" என்று ஒரு வார்த்தை விட்டால் போதும். அந்த அக்கா இனிமேல் வரமாட்டார். அதைப் பார்த்த மற்ற செக்கிங் ஆட்களும் வரமாட்டார்கள். நீ யாரையும் திட்டவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பாய். அடுத்த ஷேடு வித்தியாசத்தைப் பையர் கண்டுபிடிப்பான், பெட்டியெல்லாம் கப்பல் ஏறிய பிறகு. அதனால் முதல் வேலை, சேதி கொண்டுவந்தவருக்கு நன்றி சொல்லிவிட்டுக் கட்டிங் மாஸ்டரைக் கூப்பிடுவது. கோபம் வந்தால் வரட்டும், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, காலையில் வேலை தொடங்கும்போது உன் கருத்தை முதலில் சொல்லாதே. இன்றைய ஸ்டைலில் எந்த இடம் தகராறு பண்ணும் என்று ஒரு கேள்வி கேள், அதுவும் வயதில் சின்ன, புதிதாகச் சேர்ந்த ஆளிடமிருந்து தொடங்கு. நீயோ மூத்த டெய்லரோ முதலில் பேசிவிட்டால், மற்ற எல்லோரும் அதையே வேறு வார்த்தையில் சொல்வார்கள். பேர் சொல்லிக் கேள். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைப்பதற்கு முன் அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பேரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. ஒரு தடவை வாயைத் திறந்து பேர் சொன்ன நர்ஸ், பிறகு ஏதாவது தப்பாகப் பட்டாலும் வாய் திறப்பார் என்பது கணக்கு. புது தில்லி உட்பட எட்டு நகர மருத்துவமனைகளில் பார்த்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் இதையும் கேட்டுக்கொள்: கனடாவின் ஒன்டாரியோவில் நூறு மருத்துவமனைகளுக்கு மேல் இதே பட்டியலைக் கட்டாயமாக்கிப் பார்த்ததில் குறிப்பிடும்படி எதுவும் மாறவில்லை. காகிதத்தில் டிக் அடிப்பது ஒன்று, நின்று பேசுவது வேறு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது, லைனை நிறுத்தும் உரிமை. பல விமான நிறுவனங்களில் இறங்கும் நேரத்தில் இரண்டு விமானிகளில் யார் 'மேலே ஏறு' என்று சொன்னாலும், கேள்வி கேட்காமல் ஏறிவிட்டுத்தான் பிறகு பேச வேண்டும். உன் லைனில் எந்தக் காரணங்களுக்கு யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று இரண்டு மூன்றை முன்கூட்டியே சொல்லிவை. ஊசி முனை உடைந்து துண்டு கிடைக்கவில்லை என்றால் நிறுத்து, என்னைத் தேட வேண்டாம் என்பது மாதிரி. யாராவது வீணாக நிறுத்திவிட்டால் சிரித்துக்கொண்டு திரும்ப ஓடவிடு. நீ அதட்டுகிறாயா என்று அன்றைக்குத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"அப்பறம் ஆளாளுக்கு மேல ஏறிக்குவாங்களே மாமா. நான் எப்பத்தான் முடிவு பண்றது?"

கேட்பது வேறு, ஓட்டெடுப்பு வேறு. சூ சிட்டியில் நான்கு பேரும் பேசினாலும் முடிவு ஹேன்ஸுடையது. யார் என்ன செய்ய வேண்டும் என்று அவர்தான் பிரித்துக் கொடுத்தார். எல்லாம் கேட்ட பிறகு, இப்படித்தான் செய்யப்போகிறோம், காரணம் இது என்று நீ சொல்லிவிட்டால் உன் மேல் யாரும் ஏறமாட்டார்கள். கேட்காமலே முடிவெடுக்கிற சூப்பர்வைசரைத்தான் முதுகுக்குப் பின்னால் கவிழ்ப்பார்கள்.

தப்பைச் சொன்னவனையே தண்டிக்கிற வழக்கத்தை மட்டும் எங்கேயும் வைத்துக்கொள்ளாதே. 1974 டிசம்பரில் டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் விமானம் ஒன்று ஒரு குழப்பத்தால் வாஷிங்டன் பக்கத்தில் மலையில் மோதி, அதில் இருந்த 92 பேரும் இறந்தார்கள். ஆறு வாரம் முன்பு வேறு நிறுவனத்து விமானம் ஒன்று அதே குழப்பத்தால் அதே மலையில் மோத இருந்து மயிரிழையில் தப்பியிருந்தது. அந்தத் தகவல் அந்த நிறுவனத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. அதன் பிறகுதான், விமானிகள் தங்கள் தவறுகளைத் தாங்களே எழுதி அனுப்பும் ஏற்பாடு 1976-ல் வந்தது. அதை நடத்தும் பொறுப்பை உரிமத்தைப் பறிக்கும் அதிகாரமுள்ள துறைக்குக் கொடுக்காமல், அந்த அதிகாரம் இல்லாத நாசாவுக்குக் கொடுத்தார்கள். அபராதம் போடுகிற கையிலேயே கொண்டுபோய் யாரும் தன் தப்பை எழுதிக் கொடுக்கமாட்டார்கள் அல்லவா? உன் கம்பெனியில் டேமேஜ் பீஸுக்குச் சம்பளத்தில் பிடித்தம் உண்டு என்றாய். அது இருக்கிறவரை டேமேஜ் பீஸ் உன் கண்ணுக்குத் தெரியாது, கட்டுக்கு நடுவில்தான் போகும். அதை மாற்றும் அதிகாரம் உனக்கு இல்லை, தெரியும். தானாக வந்து சொன்ன ஆளுக்குப் பிடித்தம் வேண்டாம் என்று மேலே கேட்டுப் பார்க்கலாம்.

இதைச் சொன்னதும் அவன் சிரித்தான். "மேல சொன்னா எங்க கேக்கறாங்க" என்றான். அந்தப் பயிற்சியில் கீழே இருப்பவர்களுக்கும் பாதி உண்டு என்றேனே, அது உனக்கும்தான். படிப்படியாகச் சொல்லச் சொல்லிக்கொடுத்தார்கள். முதலில் பேரையோ பதவியையோ சொல்லிக் கூப்பிட்டுக் கவனத்தை இழு. பிறகு கண்ணால் பார்த்ததைச் சொல், கேள்வியாகச் சொல்லாதே. அடுத்து, என்ன செய்யலாம் என்று ஒரு வழி சொல். கடைசியில் பதில் வாங்காமல் நகராதே. "சார், ரெண்டாவது ரோல்ல ஷேடு மாறுது. ஏற்கெனவே தைச்ச நாப்பது பீஸைத் தனியா வச்சிருக்கேன். அந்த ரோலை மாத்தினா ஒம்பது மணிக்குள்ள முடிச்சிரலாம். மாத்தட்டுங்களா?" மேனேஜர் வேண்டாம் என்றால் இன்னொரு தடவை அதையே, குரலை உயர்த்தாமல் சொல். அப்படியும் ஓட்டச் சொன்னால் நேரத்தையும் ரோல் நம்பரையும் பதிவேட்டில் எழுதி, அந்த நாப்பது பீஸில் ஒன்றை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வா.